வெளிநாட்டில இருந்து வாறவை வன்னியில கார் ஓடலாமோ, ஓடக்கூடாதோ?

பரந்தன் சந்தி:
ஆடி ஆவணி வந்தா வன்னிக்குள்ளால யாழ்ப்பாணம் போற ஏ9 றோட்டில புதுசு புதுசா வாடகைக் கார் ஓடும், நல்லூர்த் திருவிழாவும் மடுத் திருவிழாவும் கிட்டக்கிட்ட வாற நேரம், உள்ளுக்க எட்டிப் பாத்தா கறுப்புக் கண்ணாடி போட்ட எங்கட சனம் தான். வாங்கோ, சந்தோசம். ஆனா ஸ்ரேரிங்கைப் பிடிக்காதேங்கோ. நான் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வாடகை வான் ஹயர் ஓடுறவன், பிழைப்புக்காகச் சொல்லுறான் எண்டு ஒருத்தர் கட்டாயம் வருவார், வரட்டும். போன கிழமை முறிகண்டிக்கு இஞ்சால எனக்கு முன்னால ஒரு கார், அதுக்கு முன்னால நெல்லு லொறி. எதிர வந்த பஸ் ரெண்டு தரம் லைட் அடிச்சுது. கார்க்காரர் தனக்கு வழி விடுறான் எண்டு நினைச்சு லொறியை விலத்த வெளிய எடுக்கிறார். பஸ் அடிச்ச லைட் "நான் வாறன், நீ உள்ளுக்க நில்" எண்ட லைட். லொறிக்காரன் மண்ணுக்க இறக்கி இடம் குடுத்ததால தான் அந்தக் குடும்பம் இண்டைக்கு கச்சான் கொறிக்குது.

சூரிச் குளிர்:
கண்டறியாத நியாயம். சுவிஸில லைசன்ஸ் எடுக்க முதலுதவி வகுப்பு, கண் சோதனை, எழுத்துச் சோதனை, பிறகு ஓட்டச் சோதனை, அது பாஸ் பண்ணினாலும் மூண்டு வருசம் தற்காலிக லைசன்ஸ் தான். 50 வலயத்தில 100 இல போய்ப் பிடிபட்டா ஜெயில் வரைக்கும் போகலாம். இப்பிடிப் பழகின எங்களைப் பாத்து ஓடாதே எண்டு சொல்லுறது ஆர்? ஹெல்மெட்டைக் கைபிடியில கொழுவிக்கொண்டு மோட்டர்சைக்கிளில மூண்டு பேர் போற ஊரோ? நான் போன முறையும் ஓடினனான், இந்த முறையும் ஓடுவன். ஒரு கீறலும் இல்லை.

பரந்தன் சந்தி:
அண்ணை, நீங்கள் வடிவா ஓடுவியள், அதில எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் படிச்ச சட்டத்தை எதிர வாறவன் படிக்கேல்லை, அது தான் கரைச்சல். அங்க கோன் அடிச்சா ஏச்சு, இஞ்ச கோன் அடிக்காம விலத்தினா தான் ஏச்சு. முன்னால போற லொறி இடப்பக்கம் சிக்னல் போட்டா "நீ போ" எண்டும் இருக்கலாம், மெய்யாவே இடப்பக்கம் திரும்பப் போறான் எண்டும் இருக்கலாம். எது எண்டு நாங்கள் அவன்ர வேகத்திலயும் றோட்டிலயும் பாத்துப் பிடிப்பம். ஒரு புத்தகத்திலயும் இது இல்லை.

நெடுங்கேணியான்:
பரந்தன் அண்ணை கதைக்கிறது சரி, ஆனா உங்கட ஆக்களின்ர கதையையும் கொஞ்சம் எடுத்து விடுங்கோவன். பின்னேரம் இஞ்சயிருந்து ஆக்களை ஏத்திக்கொண்டு போய் எயார்போட்டில இறக்கிறது, விடியப்புறம் வாற பிளைட்டுக்கு வெளிய வானுக்குள்ளயே கிடக்கிறது, நுளம்புக்கடியில என்ன நித்திரை, பிறகு அந்தச் சனத்தையும் ஏத்திக்கொண்டு சிலாபம் புத்தளம் அநுராதபுரம் மதவாச்சி எண்டு ஒரே மூச்சில ஆறேழு மணித்தியாலம். வவுனியா தாண்டினா நேர் றோட், வழுவழு எண்டு காப்பெட் போட்ட தார், வெயில், ஏசி. அதில தான் கண் சொக்கும். வெளிநாட்டுக்காரன் லைட்டைப் பிழையா விளங்கினவன் எண்டா நித்திரை கொள்ளுற ரைவருக்கு ஒரு லைட்டும் தெரியாதே?

பரந்தன் சந்தி:
தம்பி, அதை நான் மறுக்கேல்லை. ஆனா ஏன் அப்பிடி ஓடுறம் எண்டும் கேளுங்கோ. ஹயர் காசு ட்ரிப்புக்குத் தான், மணித்தியாலத்துக்கு இல்லை. போகேக்க வெறும் வான் போனா டீசல் காசு கையைக் கடிக்கும், அதால ரெண்டு பக்கமும் ஆள் பிடிக்கிறது. அதுக்குள்ள பின்னால இருக்கிற அக்கா "தம்பி கெதியா விடுங்கோ, பூசைக்கு நிக்கோணும்" எண்டு சொல்லிக்கொண்டு வருவா. சட்டப்படி வெளி றோட்டில காருக்கு 70, ஊருக்குள்ள 50. 70 இல போனா எனக்குப் பேர் "ஆமை வான்".

மார்க்கம் மாமா:
நான் கனடாவில இருந்து வந்தா நானே தான் ஓடுறனான், ஆனா சூரிச் தம்பி சொல்லுற மாதிரி நெஞ்சை நிமித்திக்கொண்டு இல்லை. வலப்பக்கம் ஓடிப் பழகின எங்களுக்கு ஆபத்து ஏ9 நேர் றோட்டில இல்லை, அங்க முன்னால போறவனைப் பாத்து ஆரும் ஓடலாம். சனம் இல்லாத இடத்தில தான் மூளை பழைய பக்கத்துக்குப் போகும். பெற்றோல் செட்டுக்க அடிச்சிட்டு வெளிய வரேக்க, விடியக்காலமை ஒழுங்கையால ஏறேக்க, முன்னுக்கு ஒரு வாகனமும் இல்லை, கை தன்பாட்டில வலப்பக்கம் எடுக்கும். இன்னொண்டு, இஞ்ச ஓடுற ஜப்பான் கார்களில சிக்னல் தடி வலக்கைப் பக்கம், எங்கட கை இடக்கைத் தடியைத் தட்டும், பங்குனி வெயிலுக்க வைப்பர் ஆடும். சனம் சிரிக்கும். சிரிக்கிறது பரவாயில்லை, பின்னால வாறவனுக்கு சிக்னல் போகேல்லை எல்லோ, அதை யோசியுங்கோ. லண்டன், அவுஸ்திரேலியாக்காரருக்கு பக்கம் மாறுற தொல்லை இல்லை, அவையும் இடப்பக்கம் தான்.

டீச்சர் கிளி:
நான் ஏ9 கரையில இருக்கிற பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். ஒண்டரைக்கு மணி அடிச்சா பிள்ளையள் சைக்கிளில வெள்ளைக்கோட்டுக்கு வெளியால போகும், ரெண்டு ரெண்டு பேராக் கதைச்சுக்கொண்டு, சிலது றோட்டைக் கடக்கப் பஞ்சிப்பட்டு எதிர்ப்பக்கமாவும் வரும். நீங்கள் அங்க அந்தக் கரையை பழுதான வாகனம் நிப்பாட்டுற இடம் எண்டு தான் பாத்திருப்பியள். எதிர ஒரு பஸ் வெளிய எடுத்த உடன கண்ணாடி பாக்காம இடப்பக்கம் இறக்கினா அங்க என்ர பிள்ளை நிக்குது. உள்ளூர் வான்காரருக்கு அது தெரியும், தெரிஞ்சு கொண்டு தான் கோன் அடிச்சு அடிச்சு 90 இல போகினம், அதையும் சொல்லத் தான் வேணும். உங்கள் ரெண்டு பகுதியின்ர சண்டையில அடிபடுறது சைக்கிள்.

நெடுங்கேணியான்:
டீச்சர் பகலைச் சொன்னா, நான் ராவைச் சொல்லுறன். பொழுதுபட்டா ஓடாதேங்கோ. கட்டாக்காலி மாடு காப்பெட் றோட்டில வந்து படுக்கும், அதுவும் கறுப்பு மாடெண்டா கிட்டப் போய் கண் மினுங்கினா தான் தெரியும். பிரதேச சபை பிடிச்சுத் தண்டம் போடுறது தான், காசைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து திருப்பியும் அவிட்டு விடுவினம். ரக்ரர் பெட்டிக்குப் பின்லைட் இருக்காது, லாண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசினுக்கு முன்லைட்டே சந்தேகம். அறுவடை நேரம் றோட்டில பாதியை மறிச்சு நெல்லுக் காயப் போட்டு ஓரத்துக்குக் கல்லு வைச்சிருக்கும், அந்தக் கல்லில ஏறினா ரயர் வெடிக்கும். மாங்குளத்தால முல்லைத்தீவுப் பக்கம், ஒட்டுசுட்டான் காட்டுக்க, யானை. சூரிச்சில எழுத்துச் சோதனையில யானைக்குக் கேள்வி வருதோ?

சூரிச் குளிர்:
மான் வரும் தம்பி, மானுக்குப் போர்ட்டே இருக்கு. சரி, ராவில ஓடேல்லை, அது ஒத்துக்கொள்ளுறன். ஆனா உள்ளூர் ஆக்கள் எங்கட நாட்டுக்கு வந்து ஓடேக்க நாங்கள் என்ன சொல்லுறம்? ஊரில லொறி ஓடினவர் எண்டாலும் ஒரு வருசத்துக்குள்ள லைசன்ஸ் மாத்தோணும், ஒரு சோதனை ஓட்டம் வைப்பினம், அதில தவறினா அதைத் திருப்பிச் செய்யேலாது, ஆரம்பத்தில இருந்து படிக்கோணும். அதே மாதிரி இஞ்சயும் ஒரு சோதனையை வைக்கட்டும், நான் செய்யிறன். ஒண்டும் வைக்காம "நீ வெளிநாடு, இறங்கு" எண்டா எப்பிடி?

பரந்தன் சந்தி:
உங்களிட்ட இஞ்ச ஓடுறதுக்கு லைசன்ஸ் இருக்கோ அண்ணை? சுவிஸ் அட்டையைப் பொலிசுக்குக் காட்டினா காணாது. சர்வதேச அனுமதி எடுத்தாலும் கொழும்பில ஒட்டோமொபைல் அசோசியேஷனில பதிஞ்சு வாங்கோணும், இல்லாட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின்ர தற்காலிக லைசன்ஸ். முந்தி அதுக்கு கொழும்புக்குக் கிட்ட வெரஹெரவில இருக்கிற அவையின்ர கந்தோருக்கு அலையோணும், 2025 ஆவணியில இருந்து கட்டுநாயக்காவிலயே கவுண்டர் போட்டிருக்கினம். பொலிசின்ர தண்டத்தை விடுங்கோ, அடிபட்டா இன்சூரன்ஸ்காரன் முதல் கேக்கிறது லைசன்ஸ் தான். ஆள் செத்தா ரைவரை நீதவானுக்கு முன்னால நிப்பாட்டுவினம், கோட் பயணத்தடை போட்டா உங்கட பிளைட்டும் போச்சு, அங்க வேலையும் போச்சு.

லண்டன் தங்கச்சி:
லைசன்ஸ் கதை முடிஞ்சுதெண்டா ஒரு கேள்வி, வான்காரர் எல்லாரும் பின்சீற் பெல்ட்டை எங்க ஒளிச்சு வைக்கிறியள்? சீற் கவரை உரிச்சு நானே தேடி எடுத்தனான், கொளுக்கி கவருக்கு அடியில, நாடா புழுதி பிடிச்சுக் காஞ்சு போய்க் கிடக்குது. பிள்ளையளுக்கு பெல்ட் இல்லாம ஆறு மணித்தியாலம் எப்பிடி? முன்சீற்றுக்கு 2011 இல இருந்து சட்டம், பின்னால இருக்கிறவைக்கு உயிர் இல்லையோ?

பரந்தன் சந்தி:
தங்கச்சி, நான் வெளிய எடுத்து வைச்சாலும் உங்கட ஆக்கள் தான் குந்த முதல் உள்ளுக்க தள்ளுறவை. "ஊருக்கு வந்தும் இதைக் கட்டோணுமோ" எண்டு சிரிப்பினம். அங்க பெல்ட் கட்டாட்டி தண்டம் எண்டு பயத்தில கட்டுறவை, மதவாச்சி தாண்டினா உடம்பு ஊர் உடம்பாயிடும். குடியும் அப்பிடித் தான். நோர்வேயில ரத்தத்தில மது 0.02 வீதம் தான் எல்லை எண்டு ஒரு பியருக்கே காரை விட்டிட்டு நடந்து போற மனிசன், இஞ்ச 0.08 எண்டு கேள்விப்பட்ட உடன கணக்குப் போடத் தொடங்குவார்.

மார்க்கம் மாமா:
அது உண்மை, எங்கட பெடியளும் அப்பிடித் தான். டீச்சர், அடிபட்டு 1990 நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் வன்னிக்குள்ளயும் வருமெல்லோ?

டீச்சர் கிளி:
வரும் ஐயா, காசில்லை. ஆனா உள் ஒழுங்கையில இருந்து எடுத்தா இடம் சொல்லத் தெரியோணும். எத்தினையாம் கட்டை, கிட்ட என்ன கோயில் எண்டு கேப்பினம், வந்தவைக்கு அது தெரியாது. பக்கத்தில நிக்கிற ஆளிட்ட போனைக் குடுங்கோ.

சூரிச் குளிர்:
பரந்தன் அண்ணை, கோவம் இல்லாமக் கேக்கிறன். ஆவணி முதல் கிழமை, ஆறு பேர், ஒரு பிள்ளை சீற், பிளைட் விடிய வருது. நீங்கள் முதல் நாள் பகலே வந்து நீர்கொழும்பில படுத்து எழும்பி வாறதெண்டா ஹயர் எவ்வளவு?

பரந்தன் சந்தி:
றூம் காசு ஆர் குடுக்கிறது?

சூரிச் குளிர்:
நான். ஆனா போகேக்க ஆள் ஏத்தக்கூடாது, வெறும் வானாத் தான் போகோணும். கிளிநொச்சியில இறக்கின பிறகு வட்டக்கச்சிக்குள்ள மாமாவின்ர காரை நான் தான் ஓடுவன், அதில கதை இல்லை.

நெடுங்கேணியான்:
வெறும் வான் போற டீசலையும் சேத்துக் கேளுங்கோ அண்ணை, பிறகு அவர் சுவிஸ் கணக்குப் போடுவார்.

பரந்தன் சந்தி:
உள்பெட்டிக்கு வாங்கோ அண்ணை, விலை அங்க கதைப்பம். பின்சீற் பெல்ட் நாலு வேலை செய்யுது, மற்ற ஒண்டை மாத்தோணும்.