எங்கள் அப்பப்பாவின் மருந்துக்கடை

எங்கள் அப்பப்பா கொழும்பில் ஒரு மருந்துக்கடையில் பயிலுநராக இருந்து, பரீட்சையில் தேறி மருத்துவச் சபையில் பதிவுபெற்ற பின்னரே திருகோணமலைக்குத் திரும்பிப் பிரதான வீதியில் கடை திறந்தார். அக்காலத்தில் மருந்து விற்பதைவிட மருந்து கலப்பதே அவருடைய தொழில். வயிற்றுப் பொருமலுக்கான கலவையை அளந்து ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரியும்படி பல்பல்லாக வெட்டிய கடதாசிப் பட்டியைப் போத்தலின் பக்கத்தில் ஒட்டி, ‘குலுக்கிக் குடிக்கவும்’ என்று எழுதிக் கொடுப்பார். மருந்து வாங்க வருபவரே போத்தலைக் கொண்டுவர வேண்டும்; அதில் மண்ணெண்ணெய் மணம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். விரிகுடாவின் மறுகரையிலுள்ள மூதூரிலிருந்து லோஞ்சில் (இயந்திரப் படகில்) வந்தவர்களின் மருந்துத் துண்டுகளையே முதலில் எடுப்பார், முன்னால் நிற்கும் ஊரவர் முணுமுணுத்தாலும்.

1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகி, அதன் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலேயின் கொள்கைப்படி மருந்துகள் வணிகப் பெயரில் அல்லாமல் பொதுப்பெயரில் வரத் தொடங்கியபோதுதான் அப்பப்பாவுக்கு உண்மையான சோதனை வந்தது. “ஐயா, முந்தித் தந்த குளிசை இது இல்லையே” என்று கேட்பவருக்கு, பெயர்தான் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே என்று நாள்முழுதும் விளக்குவாராம். விலை குறைந்ததால் இலாபமும் குறைந்தது என்று மாமி இன்றும் சொல்வார். ஆனால் அப்பப்பா பொதுப்பெயர் மருந்துகளை ஏற்றதை வெறும் கொள்கைப்பற்று என்று நான் கருதவில்லை. ஒரே மருந்தைப் பல வணிகப் பெயர்களில் வாங்கி அடுக்கிக் காலாவதியாக விடும் நட்டமும் அதனால் தீர்ந்தது. 1977க்குப் பின் தனியார் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட, பழைய பெயர்கள் அலுமாரிக்குத் திரும்பின.

போர்க்காலத்தில் கடையை நடத்தியவர் மாமி. அவரும் பதிவுபெற்ற மருந்தாளரே. மின்சாரம் நின்றால் இன்சுலினைக் காப்பதுதான் பெரும்பாடு. மீன் வியாபாரிகளிடம் ஐஸ் வாங்கிப் பெட்டியில் இடுவார், ஆனால் உறைந்த இன்சுலின் பயன்படாது என்பதால் குப்பிகளை ஐஸில் படாமல் துணி சுற்றித் தள்ளியே வைப்பார். ஊரடங்கு வேளையில் பின்கதவால் மருந்து கொடுத்ததைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

அவருக்குப் பின் எங்கள் குடும்பத்தில் யாரும் மருந்தாளராகவில்லை. பதிவுபெற்ற மருந்தாளர் இன்றி மருந்துக்கடை நடத்தச் சட்டம் இடங்கொடாது. ஆகவே மாமியிடம் பயின்று தேறிய ஒருவருக்கே கடையைக் கொடுத்தோம், பெயர்ப்பலகையையும் சேர்த்து.