கயாக்கின் வயிற்றில் ஒன்றரை வாளித் தண்ணீர்

ஞாயிறு

நான் (10:42): [படம்] கரைக்கு இழுத்தபோது என் துடுப்புப் படகு, அதான் கயாக், கல்லாகக் கனத்தது. பின்முனையில் இருக்கிற பிளக்கைத் திறந்தேன். கொட்டுகிறது, கொட்டுகிறது, நிற்கவே இல்லை.

அம்மா (10:43): ஐயோ! நடுக்கடலில் மூழ்கியிருந்தால்? இனி நீ போகவே வேண்டாம்.

தங்கை (10:43): வாளியில் மீன் வரும் என்று காத்திருந்தோம் 🙄

மாமா (10:51): மாப்பிள்ளை, தண்ணீர் நின்றது மேலே நீ உட்காரும் இடத்திலா, உள்ளே வயிற்றிலா?

நான் (10:52): வயிற்றில் மாமா. மேலே தெறித்தது எல்லாம் ஸ்கப்பர் துளை வழியாக இறங்கிவிட்டது.

அம்மா (10:53): துளை போட்டா படகு விற்கிறார்கள்?

மாமா (10:55): ஆமாம் அக்கா, வேண்டுமென்றே போடுவதுதான். மேல்தட்டிலிருந்து அடிவரைக்கும் ஒரு குழாய் மாதிரி போகும். மேலே விழும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். வயிறு தனி, அதற்குள் காற்றுதான். அந்தக் காற்றில்தான் படகு மிதக்கிறது.

மாமா (10:56): எவ்வளவு வந்தது? ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் என்றால் விட்டுவிடலாம். மேலிருந்து வயிற்றைத் திறக்கிற வாய் இருக்கிறதே, அந்த ஹேட்ச் மூடி ஓரமாக அவ்வளவு எப்போதும் கசியும்.

நான் (10:57): 10 லிட்டர் வாளியில் ஒன்றரை.

மாமா (10:59): அப்படியென்றால் ஓட்டைதான். 15 கிலோவைச் சும்மா சுமந்துகொண்டு துடுப்புப் போட்டிருக்கிறாய். அந்த எடை ஓரிடத்தில் நிற்காது, அதுதான் ஆபத்து. நீ இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். மீனை இழுக்கும்போது ஆட்டம் கண்டிருக்குமே?

நான் (11:00): கண்டது. பெரிய மீன் என்று நினைத்தேன்.

தங்கை (11:00): 😂😂😂

நான் (11:02): போன மாதம் தூண்டில் தாங்கி பொருத்தத் துளை போட்டேன். அங்கேதான் கசியும். இப்போதே சுற்றிலும் சிலிக்கான் பூசிவிடுகிறேன்.

மாமா (11:03): பொறு. சந்தேகத்தின் மேல் பூசாதே. முதலில் எங்கே என்று கண்ணால் பார்.

மாமா (11:07): பிளக் வாஷர் நசுங்கியிருக்கிறதா பார்த்துவிட்டு இறுக்கி மூடு. வெளிப்பக்கத்தை ஈரமே இல்லாமல் துடை. இரண்டு முக்காலி மேல் துணி போட்டுக் கயாக்கைத் தூக்கி வை. ஹேட்ச் வழியாக ஒரு வாளி நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டு, மெதுவாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துக்கொண்டே இரு. வந்த வழியாகத்தானே போகவும் வேண்டும். கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிடு, சொட்டு விழுந்தால் தெரியும்.

அத்தை (11:10): காற்று மெத்தை ஓட்டைக்கு நான் சோப்பு நுரை தடவித்தானே கண்டுபிடிப்பேன்?

மாமா (11:12): அதுவும் செய்யலாம். எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பிளக் துளை வழியாக வாயால் ஊதினாலே போதும், நுரையில் குமிழி வரும். டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரை மட்டும் கொண்டுபோய் வைத்துவிடாதே மாப்பிள்ளை, வயிறு வெடித்துவிடும்.

நான் (4:18): [படம்] மாமா!! தூண்டில் தாங்கி ஒரு பாவமும் செய்யவில்லை. இருக்கைக்குப் பின்னால் வலது ஸ்கப்பர். அந்தத் துளைக்கு நேர் கீழே மட்டும் காகிதம் நனைந்தது. குழாய்க்குள் விரல் விட்டுத் தடவினேன், நகம் மாட்டுகிறது. முடி கனத்துக்கு ஒரு விரிசல்.

மாமா (4:21): சக்கர வண்டியை எங்கே மாட்டி இழுப்பாய்?

நான் (4:21): அதே துளையில் 😐

மாமா (4:24): நினைத்தேன். அந்த வண்டியின் இரண்டு குத்துக்கம்பியும் படகின் எடையை நேராகக் குழாய்ச் சுவரில் ஏற்றும். தூண்டில் பெட்டி, ஐஸ் பெட்டி எல்லாம் மேலே வைத்துக் கரடுமுரடான தரையில் குதிக்கக் குதிக்க இழுத்தால் வேறென்ன நடக்கும்? அடியில் தாங்கி, பட்டையால் கட்டுகிற வண்டியாக மாற்று.

நான் (4:26): எபாக்ஸி பசை வைத்திருக்கிறேன். அடைத்துவிடவா?

மாமா (4:29): நானும் ஒருமுறை அடைத்தேன். இரண்டாவது தடவை கடலுக்குப் போய் வந்ததும் ஆறின பால் ஆடை மாதிரி முழுசாக உரிந்து கையில் வந்தது. இது பாலிஎத்திலீன், பசை எதுவும் எளிதில் பிடிக்காது. அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் தொட்டிக்கு வெல்டிங் வைப்பவரிடம் கொடு. உள்ளே நன்றாகக் காய்ந்த பிறகு கொடு.

நான் (4:31): அதுவரைக்கும் அந்தத் துளையில் ரப்பர் அடைப்பான்?

மாமா (4:33): கீழிருந்து வருவது நிற்கும். மேலே அலை அடித்தால் அந்தத் தண்ணீர் அதே விரிசலில் இறங்கும். இரண்டு வாரம் கரையில் இரு, மீன் எங்கும் போய்விடாது.

அம்மா (4:34): 🙏 தம்பி சொல்வதைக் கேள்

மாமா (4:40): இன்னொன்று. வெயிலில் கொதித்த கயாக்கை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்காதே. உள்ளே இருக்கிற சூடான காற்று சட்டென்று சுருங்கும். சின்ன இடுக்கு இருந்தாலும் அது வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். கரையில் கிடக்கும்போது பிளக்கைத் திறந்தே வை.

அத்தை (4:41): மூடவும் சொல்லுங்கள். பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே கடலுக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும்.

மாமா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்

மாமா (4:44): அதற்குப் பிறகு கயிறு கட்டித்தான் வைத்திருக்கிறேன்.

அம்மா (4:46): எல்லாம் சரி. கடலில் இருக்கும்போது நிறைந்தால் என்ன செய்வான்?

மாமா (4:49): லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும் அக்கா, அதில் பேச்சே இல்லை. கைப்பம்பு ஒன்று கூடவே இருக்கட்டும். ஆனால் அலையில் ஹேட்ச்சைத் திறந்தால் இறைப்பதைவிட உள்ளே போவது அதிகமாகிவிடும். கனப்பது தெரிந்த உடனே கரைக்குத் திரும்புவதுதான் வழி. அப்புறம் வயிற்றுக்குள் நுரைக்குழாய்களைத் திணித்து வைத்தால், எவ்வளவு நுரை இருக்கிறதோ அவ்வளவு இடத்தில் தண்ணீர் ஏறாது. போதுமான அளவு இருந்தால் நிறைந்தாலும் மூழ்காது.

நான் (4:50): அது ஏற்கெனவே திணித்தாயிற்று 😎 நான்கு.

தங்கை (4:51): நீச்சல் பையில் இருந்த என் நுரைக்குழாய் நான்கையும் ஒரு மாதமாகத் தேடுகிறேன்.

தங்கை (4:51): அண்ணா?

நான் கடைசியாகப் பார்த்தது 4:51