சேலம் ஐந்து ரோடு பக்கம் ஜப்பானிய தேநீர் அறை: இடம், தண்ணி, மச்சா சந்தேகம்

மாடிப்படி (கேள்வி):
ஐந்து ரோடு பக்கத்துல முதல் மாடியில 11க்கு 14 அடி ரூம் ஒண்ணு. சின்ன ஜப்பானிய தேநீர் அறை, கூடவே மதியத்துக்கு மட்டும் நாலஞ்சு ஐட்டம் சாப்பாடு. கீழ பஸ் ஹாரன் ஓயவே ஓயாது. இதுக்குள்ள அமைதியைக் கொண்டு வர என்ன செய்யணும்? இன்னொண்ணு, மச்சா (ஜப்பானிய பச்சைத் தேயிலைப் பவுடர்) போட்டுப் பார்த்தா கசப்பு, நுரையும் வரலை. கொதிக்கிற தண்ணியில ஒரு டீஸ்பூன் போட்டு ஸ்பூனால கலக்கினது. பவுடர் மட்டமா, முறை தப்பா?

கோரைப்பாய்:
ரூம் கணக்கை முதல்ல பார்த்துடலாங்க. ஜப்பான்ல வழக்கமான தேநீர் அறை நாலரைப் பாய் அளவு. கியோட்டோ கணக்குல ஒரு தத்தாமி (தரையில பதிக்கிற கெட்டிப் பாய்) சுமார் 191க்கு 95.5 செ.மீ. நாலரை சேர்ந்தா பக்கத்துக்கு ஒன்பதரை அடிச் சதுரம். உங்க 14 அடியில மிச்சம் நாலரை அடி இருக்கு பாருங்க, அதைத் தொடாதீங்க. அதுதான் அமைதி.

அங்கே தோட்டப் பாதை வழியா நடந்து, கை கழுவி, குனிஞ்சுதான் உள்ளே போவாங்க. ரோட்டுச் சத்தம் காதுல இருந்து இறங்குறதுக்கு அந்த நடைதான் அவகாசம். உங்களுக்குத் தோட்டம் இல்லை, நாலரை அடி இருக்கு. படி ஏறினதும் கதவைத் திறந்தா நேரா அறை தெரியக்கூடாது. குறுக்கே ஒரு தடுப்பு, ஒரு திருப்பம், செருப்பு விட இடம், குழாய், மங்கலான ஒரே விளக்கு. தடுப்போட மறுபக்கம் பாத்திரம் கழுவ, தண்ணி காய்ச்ச வச்சுக்கலாம். மூங்கில், காகித விளக்குன்னு அலங்காரத்துல காசைக் கொட்டுறதை விட இது பலன் தரும்.

ஹாரன் சத்தம் ஜன்னல் இடுக்கு வழியாத்தான் வரும். அந்த இடுக்கை அடைக்காம திரையை மட்டும் தொங்கவிட்டா எதிரொலி குறையுமே தவிர ஹாரன் குறையாது. ரோட்டுப் பக்க ஜன்னலுக்கு ரப்பர் பீடிங், உள்பக்கம் நாலு விரல் இடைவெளி விட்டு இன்னொரு கண்ணாடி. ஏசி அவுட்டோர் யூனிட்டை அந்தச் சுவர்லயே மாட்டிடாதீங்க.

குனிஞ்சு நுழையுற வாசல் அங்கே சுமார் 66 செ.மீ. உயரம்தான். ஹோட்டலுக்கு அது வேண்டாம், முட்டி வலிக்காரங்க படியோட திரும்பிடுவாங்க. மேஜை நாற்காலி போட்டா அசல் இல்லைன்னு யாராவது சொன்னா, 1872லயே கியோட்டோ கண்காட்சிக்காக உராசென்கேங்கிற தேநீர்ச் சடங்கு வழிக்காரங்க மேஜை முறையை உருவாக்கிட்டாங்கன்னு சொல்லுங்க.

அசல் தத்தாமி அஞ்சரை செ.மீ. கனம். நம்ம கோரைப்பாயை வெறும் டைல்ஸ்ல விரிச்சா பத்து நிமிஷத்துல கணுக்கால் கத்தும். ப்ளைவுட் சட்டம், அதுமேல ஒரு அங்குல கெட்டி நார்ப்பலகை, மேல பாய், ஓரத்துக்குத் துணிக்கரை. அந்தக் கரையை மிதிக்காம நடக்கிறது அங்கே மரியாதை, இங்கேயும் பழக்கினா கரை சீக்கிரம் நைஞ்சு போகாது.

தண்ணிப்பானை:
கசப்புக்குக் காரணம் பாதி சூடு, பாதி அளவு. கொதி தண்ணி மச்சாவைக் கெடுத்துடும். தலை தட்டாம ஒரு டீஸ்பூன்னா சிலசமயம் மூணு கிராம் கூட வரும். அளவு இதுதான்: 2 கிராம் பவுடர், 70 மில்லி தண்ணி, 75லேர்ந்து 80 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையா? காபி ஆத்துற டபரா செட் போதும். கொதிச்சதை டபராவுல ஊத்தினா ஏறக்குறைய பத்து டிகிரி குறையும், அங்கேயிருந்து கிண்ணத்துக்கு வந்தா இன்னொரு பத்து. குறைஞ்ச செலவு.

ஆனா காபி மாதிரி மேலேயிருந்து ஆத்தி மச்சாவுல நுரை எழுப்ப முடியாது. பவுடரை முதல்ல டீ வடிகட்டியில சலிங்க, கட்டி இருந்தா எவ்வளவு அடிச்சாலும் கரையாது. அப்புறம் மெல்லிசு பல்லு வச்ச மூங்கில் மத்து, அங்கே சாசென்னு பேரு. அதை வட்டமா சுத்தாம, மணிக்கட்டை மட்டும் ஆட்டி முன்னும் பின்னுமா வேகமா 15, 20 விநாடி. நுனி கிண்ணத்து அடியில உரசக்கூடாது. பெரிய குமிழி வந்தா கடைசியில மேல்பரப்பை மட்டும் மெதுவா தடவி உடைச்சு விடுங்க.

பவுடர் மஞ்சளா, வைக்கோல் வாசனையோட இருந்தா அது பழசு, இல்லைன்னா கேக்குக்குப் போடுற ரகம். பிரிச்ச டப்பாவை ஃப்ரிட்ஜுல வைங்க, ஒரு மாசத்துல முடிங்க. ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்த உடனே திறக்காதீங்க. சேலத்து வெயிலுக்கு உள்ளே ஈரம் கோத்து கட்டி தட்டிடும்.

இப்போ தண்ணி. இதுலதான் நம்ம ஊர் கடைங்க தோத்துப் போகும். ஜப்பான் தண்ணி மென்மையானது, அந்தத் தேநீரும் அதுக்குன்னே பழகினது. நம்ம போர் தண்ணி கடினம், ஊரை ஒட்டி மேக்னசைட்ங்கிற மக்னீசியக் கனிமம் இருக்குற பூமி ஆச்சே. அதுல போட்டா செஞ்சாவோட (ஜப்பானிய பச்சை இலைத் தேநீர்) பச்சை போய் பழுப்பாகும், மேல ஆடை கட்டும். அதுக்காக வெறும் ஆர்ஓ ஊத்தினா சப்புனு இருக்கும். கலந்துக்குங்க. மேட்டூர் குழாய்த் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்ச உப்போட அளவு) 200, ஆர்ஓ 20 காட்டுதுன்னு வைங்க. நாலு பங்கு ஆர்ஓவுக்கு ஒரு பங்கு குழாய் ஊத்தினா 56 வரும், அது சரியான இடம். டிடிஎஸ் மீட்டர் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தைத் தனியா காட்டாது. கெட்டில் அடியில வெள்ளை படிஞ்சா கலவையில குழாயைக் குறைங்க.

மாடிப்படி:
நன்றிங்க. சலிக்காததுதான் போல. அடுத்து ஏற்காட்டுலயும் ஒண்ணு போடுற யோசனை இருக்கு, அங்கே ஏதாவது மாறுமா? டீயோட என்ன இனிப்பு கொடுக்கலாம்?

இருபதாவதுவளைவு:
ஏற்காடு சுமார் 1500 மீட்டர், அங்கே தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சுடும். மச்சா, செஞ்சாவுக்கு நல்லதுதான், ஆத்துற வேலை கொஞ்சம் கம்மி. வறுத்த இலை ஹோஜிச்சாவுக்குத்தான் கொதி தண்ணி வேணும், கீழே 30 விநாடி விட்டா மேலே 45 விடுங்க. மூடுபனி மாசங்கள்ல பாயைப் பகல்ல தூக்கி நிறுத்தி வைக்கணும், விரிச்சே விட்டா அடியில பூஞ்சை.

இனிப்பு டீக்கு முன்னாடி. சாப்பிட்டு முடிச்சு, அந்த இனிப்பு நாக்குல இருக்கும்போதே மச்சா வரணும், வடை டீ மாதிரி மாத்தி மாத்திக் கடிக்கிறது இல்லை. அங்கே வாராபிமோச்சின்னு ஒண்ணு, அசலுக்கு ஒருவகைப் பெரணிக் கிழங்கு மாவு, விலை ஜாஸ்திங்கிறதால மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஸ்டார்ச்லயும் செய்வாங்க. மரவள்ளிக்கு சேலத்துல பஞ்சமா? ஸ்டார்ச் 50 கிராம், தண்ணி 250 மில்லி, சர்க்கரை 40 கிராம். அடுப்பேத்துறதுக்கு முன்னாடியே கரைச்சுடுங்க. சிறு தீயில விடாம கிண்டினா முதல்ல அங்கங்கே திரளும். பயப்படாதீங்க, வெள்ளை முழுக்கப் போய் கண்ணாடியா ஆகுற வரை, எட்டு பத்து நிமிஷம். அரைகுறையில இறக்கினா மாவு வாடை அடிக்கும். தட்டுல ஊத்தி, ஆறினதும் வெட்டி, சோயா மாவுக்குப் பதிலா வறுத்த பொட்டுக்கடலை மாவுல புரட்டுங்க. ஃப்ரிட்ஜுல வைக்காதீங்க, வெளுத்து ரப்பராகிடும். அன்னன்னைக்கு அன்னன்னைக்கே.

அடுப்படி:
மதியச் சாப்பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. மிசோ (புளிக்க வச்ச சோயா விழுது) சூப்னாலே சைவம்னு மெனுவுல போட்டுடாதீங்க. அடிப்படைச் சாறுல காய்ஞ்ச மீன் சீவல் வழக்கம், ரெடிமேட் பாக்கெட்டிலயும் பெரும்பாலும் இருக்கும். சைவத்துக்கு லிட்டர் தண்ணிக்கு 10 கிராம் கொம்பு (மாட்டுக் கொம்பில்லை, காய்ஞ்ச கடற்பாசி), ரெண்டு காய்ஞ்ச ஷிட்டாகே காளான். ராத்திரி ஃப்ரிட்ஜுல ஊற வச்சு, காலையில சூடேத்தி, கொதி வர்றதுக்கு முன்னாடி கொம்பை எடுத்துடுங்க. விட்டா கொழகொழன்னு கசக்கும். மிசோவை அடுப்பை அணைச்ச பிறகு கரைங்க. மேலே சொன்ன கலவைத் தண்ணியே இதுக்கும், கடினத் தண்ணியில கொம்போட சுவை சரியா இறங்காது.

மாடிப்படி:
கடைசியா ஒண்ணு. மூங்கில் மத்து ரெண்டு வாங்கினதுல ஒண்ணு பல்லு ஒடிஞ்சு கிண்ணத்துல மிதக்குது.

தண்ணிப்பானை:
காய்ஞ்சபடியே அடிச்சிருப்பீங்க. முதல்ல வெந்நீர்ல ஒரு நிமிஷம் நுனியை ஊற வைங்க, அப்புறம் அடிங்க. சோப்பு கூடாது, வெந்நீர்லயே அலசி, உதறி, காத்துல நிறுத்துங்க. ஈரத்தோட டப்பாவுல மூடினா மூணாம் நாள் கறுப்புப் புள்ளி. ஒவ்வொரு கிண்ணத்தையும் கொடுக்கிறதுக்கு முன்னாடி நுனியை ஒரு தடவை பாருங்க, ஒரு பல் குறைஞ்சிருந்தாலும் அந்தக் கிண்ணத்தைக் கொட்டிடுங்க.