மறு: லெவல் என்பதற்கு ‘நிலை’ பொருந்துமா?

> லெவல் – நிலை. கிளாஸ் – வகுப்பு. ஏபிலிட்டி – திறன். ஸ்கில் – திறமை

அன்புள்ள நண்பர்களுக்கு,

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் விதிகளைத் தமிழாக்கும்போது, லெவலுக்கு ‘நிலை’ என்று வைத்தால் ஆட்டமேசையில் இடிக்கும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் (2014) பாத்திரத்தைப் பாதிக்கும் மயக்கம், நஞ்சேற்றம் போன்றவை கண்டிஷன்கள்; அவற்றுக்கு ‘நிலை’தான் இயல்பாக வரும். களைப்பு என்ற கண்டிஷனுக்கோ 6 லெவல் உண்டு. “களைப்பு நிலையின் மூன்றாம் நிலை” என்று எழுதுவோமா?

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் பல வேலை பார்க்கிறது. 5ஆம் லெவல் மந்திரவாதிக்குக் கிடைக்கும் உச்ச மந்திரம் 3ஆம் லெவல். புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் அது. அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்வானேன்? பாத்திரத்துக்குப் ‘படி’, மந்திரத்துக்கு ‘அடுக்கு’, நிலவறைக்குத் ‘தளம்’ என்று பிரித்துவிடலாம். வீரர், மந்திரவாதி போன்ற கிளாஸுக்கு ‘வகுப்பு’ம் வேண்டாம். “ஐந்தாம் வகுப்பு வீரர்” என்றால் புத்தகப்பையோடு வருவார்போல. ‘துறை’ போதும்.

> படி? அதன்படி, பஞ்சப்படி, ஒரு படி அரிசி…

உண்மைதான். தனியே நின்றால் வழுக்கும். ‘மொத்தப்படி’, ‘துறைப்படி’ என்று கூட்டுச்சொல்லாக்கினால் நிற்கும். இந்த இரண்டும் விதிக்கே தேவை. வீரர் துறையில் 3, மந்திரவாதி துறையில் 2 எடுத்த பாத்திரத்தின் மொத்தப்படி 5. தேர்ச்சி பெற்றவற்றுக்குப் பகடை எண்ணோடு கூட்டும் புரொபிஷியன்சி போனஸ் மொத்தப்படியைப் பார்த்து +3 ஆகிவிடும். ஆனால் ஏபிலிட்டி ஸ்கோர் (வலு, அறிவு போன்றவற்றின் எண்) 2 புள்ளி உயர்வது முதன்முதலில் துறைப்படி 4இல்தான் வரும். இவருக்கு இரு துறையிலும் வரவில்லை. வெறுமனே “4ஆம் படியில் உயரும்” என்று மொழிபெயர்த்தால் ஆட்டக்காரர் இல்லாத 2 புள்ளியைத் தாளில் ஏற்றிவிடுவார். மூன்றாம் பதிப்பில் (2000) அந்த உயர்வு மொத்தப்படியைச் சார்ந்தது என்பதால் பழைய ஆட்டக்காரர்களும் தவறுவார்கள்.

திறன், திறமை இணையையும் கைவிடலாம். மேசையில் பேசும்போது வேறுபாடு காதில் விழாது. வலு, லாவகம், அறிவு முதலிய ஆறும் ‘இயல்பு’. கற்றுத் தேர்வது ‘திறன்’. இயல்புக்கு இரண்டு எண் உண்டு. 16 என்பது இயல்பெண். அதிலிருந்து 10 கழித்துப் பாதியாக்கி, பின்னம் வந்தால் கீழே இறக்கினால் கிடைக்கும் +3 ‘திருத்தெண்’. 16ஐ 17 ஆக்கினாலும் திருத்தெண் அசையாது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் இது விளங்கவே விளங்காது.

> புரொபிஷியன்சி போனஸ் – தேர்ச்சிக்கூட்டு?

கூட்டு இலையில் வைப்பது. போனஸோ தீபாவளிக்கு வருவது. ‘தேர்ச்சியெண்’ என்றால் மற்ற இரண்டோடு ஒலியும் ஒத்துப்போகும். மொத்தப்படி 1 முதல் 4 வரை +2. பிறகு 5, 9, 13, 17 ஆகிய படிகளில் ஒவ்வொன்று கூடி +6. தேர்ச்சி பெற்ற திறனுக்கு, இருபதுமுகப் பகடை + திருத்தெண் + தேர்ச்சியெண். இயல்பெண் 16 உள்ளவர் முதற்படியில் +5 போடுவார். 17ஆம் படிக்குள் இயல்பெண்ணை 20க்குக் கொண்டுவந்திருந்தால் +11.

மிச்சம் ‘ஃபீட்’ என்ற சிறப்பு ஆற்றல். இயல்பெண் உயர்வை விட்டுக்கொடுத்து ஆட்டக்காரரே தேர்ந்தெடுப்பது அது. துறை தானாகத் தருவதைத் ‘துறைப்பேறு’ எனலாம். ஃபீட்டுக்கு ‘வரம்’ என்று சொல்ல நாக்கு துடிக்கிறது, கேட்டுப் பெறுவதுதானே! ஆனால் 20ஆம் படிக்கு மேல் தரும் ‘பூன்’ என்ற சிறப்புப் பரிசுகளுக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கும். வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.