புதுப்பிப்பு: முதல் ஏர் ரைபிள், சிஓ2-வா பிசிபி-யா?

துப்பாக்கி சுடும் கிளப்பில் 10 மீட்டர் பயிற்சிக்கு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயுவால் சுடுறது) வாங்கலாமா, பிசிபி (முன்கூட்டியே அழுத்தி நிரப்பின காற்றால் சுடுறது) வாங்கலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேனே, பிசிபி-தான்னு முடிவு பண்ணிட்டேன். காரணம் மலேசியாவில் எங்க சுங்கை சிப்புட் வெயில். சிஓ2-வின் அழுத்தம் சூட்டோடு ஏறும். 31 டிகிரி தாண்டினா அது திரவமாகவே நிக்காது. காலைக் குளிர்ல சுட்ட குண்டும் மத்தியானம் தகரக் கூரைக்கு அடியில சுட்ட குண்டும் ஒரே வேகத்துல போகாது. பிசிபி-யில் ரெகுலேட்டர் இருந்தா ஒவ்வொரு குண்டுக்கும் காற்றை ஒரே அழுத்தத்துல விடும். கைப்பம்புல காற்று அடிச்சுப் பார்த்தேன். அழுத்தமானி முள் 200 பார் (அழுத்த அலகு) அளவை நெருங்கும்போது உடம்பு பாரத்தையே மேல சாய்க்கணும், ஆனா பரவாயில்லை. குண்டு அளவு 4.5 மில்லிமீட்டர்.

முன்னாடி பதில் போட்ட அண்ணன்மார் சொன்னது சரி: இங்க 1960 ஆயுதச் சட்டப்படி ஏர் ரைபிளுக்கும் லைசென்ஸ் வேணும். தம்பிங்களா, அது இல்லாம ஆன்லைன்ல வாங்கவே வாங்காதீங்க. நான் லைசென்ஸுக்கு விண்ணப்பப் பாரம் கொடுத்தாச்சு. அது கிடைக்கிற வரைக்கும் கிளப் துப்பாக்கிதான்.