புழு இறங்கும் நேரம்: கரையிலிருந்து பாஸ் பிடிக்கக் கற்ற அனுபவங்கள்

பிளாஸ்டிக் புழுவை இரையாகப் போட்டுக் கரையிலிருந்தே பாஸ் (ஏரி, குளங்களில் இருக்கும் ஒரு வேட்டை மீன்) பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள், அது கைக்குப் பிடிபட்ட நாளைப் பற்றி எழுதுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும். நானே ஆரம்பிக்கிறேன்.

முதல் வருடம் எனக்கு ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் இழுக்கும்போது சுழலும் ஸ்பின்னர் தகடு வைத்துத்தான் பிடிப்பேன். எறிவேன், சுற்றுவேன், மறுபடி எறிவேன். கை அந்த வேகத்துக்குப் பழகியிருந்தது. 5 அங்குல நேர்ப் புழுவை வாங்கி, அதையும் அப்படியே எறிந்து சுற்றிக்கொண்டே இருந்தேன். வாலில் துடுப்பும் இல்லை, சுருளும் இல்லை. இழுத்துக்கொண்டே இருந்தால் அந்தப் புழு தண்ணீரில் ஒரு குச்சி வருவது போலத்தான் வரும்.

ஒருநாள் சாயங்காலம் எறிந்ததும் தூண்டில் நரம்பு சுற்றும் ரீலில் சிக்கு விழுந்துவிட்டது. கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தேன். புழு எங்கே கிடக்கிறது என்ற நினைப்பே இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது தளர்ந்து கிடந்த நரம்பு வலது பக்கமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. காற்று இல்லை, தண்ணீரும் அசையவில்லை. கையில் ஒரு துடிப்பும் தெரியவில்லை. ரீலைச் சுற்ற வழியில்லாததால் நரம்பைக் கையாலேயே பற்றி, பின்னால் நடந்து இழுத்தேன். முக்கால் கிலோ இருக்கும், பச்சை முதுகும் பக்கத்தில் கறுப்புக் கோடுமாக ஒரு பாஸ். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், புழுவைச் சும்மா விட்டதுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு தொட்டியில் அதே புழுவைப் போட்டுப் பார்த்தேன். எடைக்கு ஈயம் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக்கோடு உப்பைக் கலந்து வார்ப்பதால் புழு தன் எடையிலேயே இறங்குகிறது. நடு இடுப்பில் குறுக்காகத் தூண்டில் முள் குத்தினால் (வேக்கி ரிக் என்கிறோமே, அதுதான்) இரண்டு முனையும் மேலும் கீழுமாக நடுங்கிக்கொண்டே போகிறது. அந்த நடுக்கத்தை நம் கையால் கொடுக்கவே முடியாது. நரம்பு இறுகியிருந்தால் அது நின்றுவிடும், புழுவும் நம் பக்கமாக வளைந்து வந்துவிடும். எறிந்ததும் கோலைத் தாழ்த்தி நரம்பைத் தளர்வாக விடவேண்டும் என்பது அந்தத் தொட்டியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பாஸ் பெரும்பாலும் இரையைக் கடித்து இழுப்பதில்லை. வாயைத் திடீரென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கைக்கு வருவது ஒரு சின்ன 'டக்', சில சமயம் அதுகூட வராது. மரத்தாலோ உலோகத்தாலோ ஆன இரையாக இருந்தால் உடனே துப்பிவிடும். மென்மையாக இருப்பதால் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருக்கும். 1949ல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் ஊரில் நிக் க்ரீம் தன் வீட்டிலேயே பிளாஸ்டிக்கைக் காய்ச்சிப் புழு வார்த்தார். அந்தப் புழு நமக்குக் கொடுத்தது இந்தக் கூடுதல் நேரத்தைத்தான் என்று நினைக்கிறேன். மீன் துப்புவதற்குள் நாம் கண்டுபிடிக்க வேண்டும், அதைக் கண்ணால்தான் கண்டுபிடிக்க முடியும்.

நான் இப்போது மஞ்சள் நிறப் பின்னல் நரம்பு போட்டு, அதன் நுனியில் 2 மீட்டர் ஃப்ளூரோகார்பன் என்ற நிறமற்ற நரம்பைக் கட்டுகிறேன். மஞ்சள் எனக்குத் தெரிவதற்காக, ஃப்ளூரோகார்பன் மீனுக்குத் தெரியாமல் இருப்பதற்காக. எறிந்து புழு தண்ணீரைத் தொட்டதும் எண்ணத் தொடங்குவேன். நான் போகும் ஏரியில் எட்டு எண்ணினால் புழு தரையைத் தொட்டு நரம்பு தொய்யும். நாலிலோ ஐந்திலோ தொய்ந்துவிட்டால் நடுவில் யாரோ வாங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். பத்தைத் தாண்டியும் இறங்கிக்கொண்டே இருந்தால் அதுவும் மீன்தான். தரையில் கிடக்கும்போது ஒன்றும் செய்வதில்லை. கொஞ்சம் பொறுத்து, கோலை ஒரு முழம் உயர்த்தி, மறுபடி இறங்கவிடுவேன். எனக்குக் கிடைத்த கொத்துகளில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது, மூன்றாவது இறக்கத்தில் வந்தவை.

கரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படகில் வருகிறவர்கள் எல்லாரும் கரையைப் பார்த்து எறிகிறார்கள், கரையில் நிற்கிற நாமோ நடு ஏரியைப் பார்த்து எறிகிறோம். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பாஸ் ஓரத்தை விரும்பும் மீன். கோரை முடிகிற இடம், சாய்ந்து விழுந்த மரம், கல் அடுக்கு முடிந்து மணல் தொடங்கும் கோடு, இங்கெல்லாம் பதுங்கிக்கொண்டு சின்ன மீனுக்குக் காத்திருக்கும். இப்போது தண்ணீருக்கு நாலடி பின்னாலேயே நின்றுவிடுவேன். முதல் எறி கரைக்கு இணையாக, ஓரத்திலிருந்து ஒரு மீட்டருக்குள். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விசிறி போல வெளிப்பக்கம். காலைத் தட்டி நடந்தால் அதிர்வு மண் வழியாகத் தண்ணீருக்குள் போகிறது. தாழ்வான வெயிலில் நம் நிழலும் நமக்கு முன்னாலேயே அங்கே போய் விழுந்துவிடும்.

மறுமொழி

அண்ணா, உங்கள் வேக்கி ரிக் திறந்த தண்ணீருக்குச் சரி. நான் போவது முழுக்க அல்லி இலையும் பாசியும் உள்ள குளம். வெளியே தெரிகிற முள் அங்கே ஒவ்வோர் எறியிலும் பாசியை வாரிக்கொண்டு வரும். டெக்சஸ் ரிக்தான் எனக்கு வழி காட்டியது. புழுவின் தலையில் கால் அங்குலம் குத்தி வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, நுனியை மறுபடி புழுவின் உடம்புக்குள் புதைத்துவிடவேண்டும். முன்னால் 5 கிராம் தோட்டா வடிவ ஈயம், 3/0 அளவு வளைவு முள்.

சொல்லக் கேட்டால் சுலபம். முதலில் நான் குத்தின புழுவெல்லாம் நடுவில் கூன் விழுந்து நின்றது. அப்படி இருந்தால் இழுக்கும்போது புழு பம்பரமாகச் சுழன்று நரம்பையும் முறுக்கிவிடும். இப்போது குத்துவதற்கு முன் முள்ளைப் புழுவின் பக்கத்தில் தொங்கவிட்டு, வளைவு எந்த இடத்தில் வருகிறது என்று நகத்தால் அடையாளம் வைத்துக்கொள்கிறேன்.

என்னால் மறக்க முடியாதது நான் தவறவிட்ட மீன். அல்லி இலைகளுக்கு நடுவே கையகலத்தில் ஒரு ஓட்டை. அதில் புழுவை இறக்கினேன். ஈயம் கீழே போய்விட்டது, புழு இலையின் மேலேயே தங்கிவிட்டது. ஈயத்தை நரம்பில் நிலையாக நிறுத்தாமல் விட்டதால் வந்த வினை. கோல் நுனியை அசைத்துப் புழுவை நழுவவிட்ட அந்த நொடியே 'டக்'. பதறிப்போய் அங்கேயே சுண்டி இழுத்தேன். தொய்ந்த நரம்பு இறுகுவதிலேயே என் பலம் எல்லாம் போய்விட்டது, புழு மட்டும் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. இலைகளுக்கு அடியில் ஒரு பெரிய அலை மட்டும் விலகிப்போனது. அதன் முதுகைக்கூட நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். பல்குத்தும் குச்சியின் முனையை ஈயத்தின் துளையில் செருகி ஒடித்து, ஈயத்தைப் புழுவோடு ஒட்டி நிறுத்திவிடுகிறேன். கொத்து தெரிந்தால் முதலில் கோலைத் தாழ்த்துகிறேன், தொய்வைச் சுற்றி எடுக்கிறேன், மீனின் கனம் தெரிந்ததும் ஓங்கி இழுக்கிறேன். புதைந்த முள் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து தாடையில் இறங்கவேண்டும் அல்லவா, அதற்கு அப்படி ஓங்கி இழுக்கவேண்டும்.

மறுமொழி

முதல் பதிவு எழுதினவர் சொன்ன 'நகரும் நரம்பு' எனக்கும் பழக்கமாயிற்று. ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நரம்பு நகர்வதைப் பார்த்து, நன்றாக வாங்கட்டும் என்று காத்திருந்தேன். மீன் தொண்டைவரை விழுங்கிவிட்டது. குறடால் எடுக்கப் பார்த்தேன், செவுளோரம் ரத்தம் கசிந்தது. கடைசியில் நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டிவிட்டுத் தண்ணீரில் விட்டேன். கொஞ்ச நேரம் பக்கவாட்டில் சாய்ந்தபடி கிடந்து, அப்புறம் நீந்திப்போனது. பிழைத்ததா என்று தெரியாது. அன்று அதற்கப்புறம் தூண்டில் போட மனம் வரவில்லை.

இப்போது நரம்பு அசைந்தால் காத்திருப்பதே இல்லை. தொய்வை எடுத்தவுடன் இழுத்துவிடுவேன். சிலது தப்பிப்போகும், போகட்டும். முள் நுனிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்க்கொக்கியையும் குறடால் நசுக்கிவிட்டேன். விடப்போகும் மீனை நனைந்த கையால் கீழ்த்தாடையில் பிடித்து, இன்னொரு கையால் வயிற்றைத் தாங்குங்கள். பெரிய பாஸை தாடையை மட்டும் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்கினால் அதன் கனம் முழுவதையும் தாடையே தாங்கவேண்டியிருக்கும்.

மறுமொழி

கிழிந்த புழுக்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தண்ணீரில் போட்டுவிட்டு வராதீர்கள். அது மக்காது, மீன் விழுங்கினால் வயிற்றிலேயே தங்கி ஊதிவிடும். நான் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுவேன். வேக்கி ரிக்குக்குப் புழுவின் நடுவில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டி, முள்ளை அந்த வளையத்துக்கு அடியில் கோத்தால் புழு சீக்கிரம் கிழியாது. ஒரு புழுவில் நாலைந்து மீன்வரை பிடித்திருக்கிறேன். இன்னொன்று, ரப்பர் போல இழுபடும் வகைப் புழுக்களைச் சாதாரணப் புழுக்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். ஒன்றையொன்று உருக்கிவிடும். என்னுடைய ஒரு பெட்டி முழுக்க ஒரே கட்டியாகிப்போனது.

முதல் பதிவர்

சீக்கிரம் இழுக்கவேண்டும் என்று சொன்னவருக்கு நன்றி. நானும் ஒருமுறை அப்படி ஒரு மீனைக் காயப்படுத்தியிருக்கிறேன், அதை எழுதாமல் விட்டது என் தவறு. அல்லிக் குளத்து நண்பருக்கு ஒரு வார்த்தை: அந்த ஓட்டைக்கு மறுபடி போங்கள். பதுங்க நல்ல இடம் என்றால் ஒரு பெரிய மீன் போனாலும் இன்னொன்று வந்து நிற்கும். தண்ணீர் கலங்கியிருந்தால் கறுப்பும் நீலமும் கலந்த புழு, தெளிந்திருந்தால் பாசிப்பச்சை. போகும்போது வெயிலுக்கு எதிரே நடந்து போங்கள், நிழல் முதுகுப்பக்கம் விழும்.