புதுப்பிப்பு: கிண்ணம் போல் குவிந்த குரோஷே வட்ட மோட்டிஃப் சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்காக: குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னல்) போட்ட வட்ட மோட்டிஃப்களை, அதாவது தனித்தனித் துண்டுகளை, மேசை விரிப்பாக இணைக்க நினைத்தேன். கடைசிச் சுற்று போட்டதும் ஓரம் உள்பக்கமாகக் குவிந்தது. ஏன் என்று கேட்டிருந்தேன்.

முதல் மூன்று சுற்றுகளில் குறையில்லை. அமெரிக்க முறை டபுள் குரோஷேயில் (உயரமான தையல்) 12, 24, 36 என்று சுற்றுக்கு 12 தையல் கூடினால் வட்டம் தட்டையாகவே வரும். நான்காவதாகப் போட்ட வளைவுச் சுற்றுதான் ஓரத்தை உள்ளே இழுத்தது. ஒவ்வொரு மூன்றாவது தையலிலும் ஒரு சிங்கிள் குரோஷே (குட்டைத் தையல்), நடுவில் வளைவாக 3 செயின் (சங்கிலித் தையல்) என்று போட்டிருந்தேன். அதை 5 செயின் ஆக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஓரம் அப்படியே படிந்துவிட்டது. அதற்கு முன், 3 செயினோடு இருந்ததை நனைத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தபோதும் தட்டையானது, ஆனால் ஒரு துவைப்பில் மறுபடி குவிந்தது.

இணைப்பதற்குத் தனியாகத் தைக்க வேண்டியதில்லை. 12 வளைவுகளில் பக்கத்துக்கு இரண்டு இணைப்புக்கு, மூலைக்கு ஒன்று சும்மா. இணைக்கும் வளைவில் 2 செயின், பக்கத்து வட்டத்தின் வளைவுக்குள் ஒரு ஸ்லிப் ஸ்டிச் (உயரமில்லாத இணைப்புத் தையல்), மறுபடி 2 செயின்.

எதிர்பாராதது: நான்கு வட்டங்கள் சேரும் இடத்தில் பெரிய இடைவெளி விழுந்தது. அங்கே சும்மா இருந்த நான்கு வளைவுகளே கைகொடுத்தன. நடுவில் சின்ன வளையம். 3 செயின், ஒரு வளைவில் ஸ்லிப் ஸ்டிச், 3 செயின், வளையத்துக்குள் சிங்கிள் குரோஷே. இப்படி நான்கு முறை. உங்கள் நூல் தடிமனாக இருந்தால் 2 செயினே போதும். வட்டங்களை விட இந்தக் குட்டிப் பூக்கள்தான் எனக்குப் பிடித்திருக்கின்றன.